தகரக் கதவைத் தட்டிய மாமியார்

1998 நவம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை. காலையில் பிடித்த தூறல் பிற்பகலிலும் விட்டபாடில்லை. கிட்டார்க்காரர் வீட்டின் பின்பக்கக் கார்க் கொட்டகையில் சுருதி சேர்த்தபடி டிரம்ஸ்காரருக்காகக் காத்திருந்தார். பேஸ் கிட்டார் வாசிக்க அன்றுதான் சேர்ந்தவர் ஓரமாக நின்றிருந்தார்.

அவருடைய ராக் இசைக்குழுவில் ஆள் நிலைத்ததாக வரலாறே இல்லை. முதலில் பாடியவர் கல்யாணமானதும் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். கீபோர்டுக்காரர் செருப்புக்கடை வைத்தார். பேஸ் கிட்டார் வாசித்த இருவர், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது என்று விலகி, வேறொரு குழுவில் சேர்ந்தே போய்ச் சேர்ந்தனர். டிரம்ஸ்காரர்கள் வந்த சுவடே தெரியாது. கிட்டார்க்காரர் எப்போதும் டிரம்ஸுக்கு முதுகைக் காட்டி நின்று, தலையசைத்தே பாட்டைத் தொடங்குவார். ஆள் மாறியதே சில நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரியவரும்.

சனிக்கிழமை நகர மன்றத்தில் நிகழ்ச்சி. அதுவும் கைநழுவினால் குழுவைக் கலைத்துவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

வெளியே காலடியோசை கேட்டது. டிரம்ஸ்காரர்தான் என்று முடிவுகட்டி, திரும்பிப் பாராமலே தலையசைத்தார். தட், தட், தடதட் என்று தாளம் பிறந்தது. கிட்டார் அதைப் பிடித்துக்கொண்டது. பாட்டு அமர்க்களமாக முடிந்தது.

"பிரமாதம்யா! இத்தனை நாள் இதை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று திரும்பினார்.

தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு, மரக்கரண்டியும் கையுமாக நனைந்தபடி நின்றார் மாமியார்.

"என்ன மாப்பிள்ளை, கதவே உடையற மாதிரி தட்டறேன், நிறுத்தாம இன்னும் வேகமா வாசிக்கறீங்க?"

"அத்தை, நீங்களா தட்டினீங்க?"

"பின்னே? இந்தச் சத்தம் தாங்காம இருபது வருஷமா நான்தானே தட்டறேன்! டிரம்ஸ் அடிக்கிற பையன் போன் பண்ணான். இனிமே வரமாட்டானாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஓரமாக நின்ற புதிய பேஸ்காரர் மெல்லச் சொன்னார்: "கதவைத் தட்டறதுதான் இங்க வழக்கமோன்னு நினைச்சேன் சார்."

கிட்டார்க்காரர் கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். இருபது வருடக் கூத்து அத்தோடு முடிந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மாமியார் மரக்கரண்டியை ஓரமாக வைத்தார்.

"சும்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. அந்த டிரம்ஸ் குச்சியை இப்படிக் குடுங்க, நானே வாசிக்கறேன். ஆனா அந்த மூணாவது பாட்டு மட்டும் வேணாம். அதுக்குத் தட்டித் தட்டியே என் தோள்பட்டை போயிடுச்சு."

சனிக்கிழமை இரண்டு பாடல்களில் தாளம் முந்தியது உண்மைதான். அதற்காகவே கிட்டார்க்காரர், வாழ்வில் முதன்முறையாக, டிரம்ஸைப் பார்த்துத் திரும்பி நின்று வாசித்தார். அரங்கம் எழுந்து கைதட்டியது.

நிகழ்ச்சியை நடத்தியவர் ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினார். "டிரம்ஸ் வாசிச்ச அம்மா எத்தனை வருஷமா உங்க குழுவில இருக்காங்க?"

"தட்டறது இருபது வருஷமா. குழுவில சேர்ந்தது முந்தாநாள்."