தொண்ணூற்றாறு ராத்தல் கல்லோடு காஸ் நுவாயால் வரை

நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று காரியதரிசி மூன்று முறை கேட்டுவிட்டார். மேற்குக் கரைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்வந்தவன் நம்மில் நான் ஒருவன்தான். அந்த வழியில் போக நினைக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும், இயற்கைக் காட்சிகளைக் கொஞ்சம் வர்ணித்து எழுதுங்கள் என்றார். அங்கே வர்ணிக்க என்ன இருக்கிறது, ஐயா? கல், முள், வெயில், அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போனது புரட்டாசி கடைசி ஞாயிறு. என் மனைவி பாக்கியத்தை அழைத்து வருவதற்காகப் போனேன். வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது அவள் அப்பா வந்து காஸ் நுவாயாலில் இருக்கும் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக்கூடாது என்பது தெரிந்த விஷயம்தான். ஆடி முடிந்தது. ஆவணியும் முடிந்தது. அவள் வரவில்லை.

நான் காரைக்காலில் பிறந்து இருபத்திரண்டு வயதில் இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவன். போர் லூயியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. எங்கள் பக்கத்தில் ஆடி கழிந்ததும் பெண்ணின் அப்பா சீரோடு அவளைக் கொண்டுவந்து விடுவார். மாப்பிள்ளை தானாக ஓடிப்போய் நின்றால் ஊர் சிரிக்கும். ஆகவே மரியாதையாகக் காத்திருந்தேன். ஆள் வரவில்லை, கடிதமும் வரவில்லை. கடைப் பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. என்னோடு வாழ அவளுக்கு இஷ்டமில்லையோ என்கிற பயம். ஆடி கழிந்த ஐம்பத்தெட்டாம் நாள் மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று கிளம்பிவிட்டேன்.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு சர்க்கரை ஆலை மெக்கானிக்கிடமிருந்து பழையதாக வாங்கியது. இடது பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஓர் ஆள் உட்காரும் தொட்டி ஒட்டிக்கொண்டிருக்கும், சைட்கார் என்பார்கள். அவள் உட்காருவதற்காகவே அதோடு சேர்த்து வாங்கினேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. தொட்டி காலியாக இருந்தால், இடது பக்கம் திரும்பும்போது அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் வண்டியே கவிழும். அதனால் காலியாகப் போகும்போது பாரம் வைத்துக் கட்டவேண்டும். ஆனி மாதத்தில் ஒருநாள் பாக்கியம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, துணி மூட்டை நிறுக்கும் தராசில் அவளை விளையாட்டாக ஏற்றி நிறுத்திருந்தேன். தொண்ணூற்றாறு ராத்தல். அதே எடைக்குக் கல் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டு, இருக்கையில் வைத்துக் கட்டினேன். போகும்போது கல், வரும்போது அவள், வண்டியின் நடை மாறாது என்பது என் கணக்கு.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டேன். முந்தின நாளே இரண்டு காலன் பெட்ரோல் போட்டு வைத்திருந்தேன், மூன்று ரூபாய். பம்பூ வரை ஒன்பது மைல், பாதை நன்றாக இருக்கிறது, இருபுறமும் கரும்பு. வெட்டு நடக்கும் காலமாதலால் ஞாயிற்றுக்கிழமையிலும் மாட்டு வண்டிகள் குறுக்கே வரும், பார்த்துப் போங்கள். ஆறு இருபதுக்குப் பம்பூ. அங்கே சீனர் கடையில் ரொட்டியும் தேநீரும் பன்னிரண்டு சதம். புரட்டாசி விரதம் என்று சொன்னதும் மீன் வறுத்த சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு வேறு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்தார், நல்ல மனிதர். குடிதண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்பால் கேட்டால்தான் கிடைக்கும்.

பம்பூவைத் தாண்டி இரண்டு மைலில் கரும்பு நின்றுவிடுகிறது. மழை மேட்டு நிலத்தோடு நின்றுவிடும், மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்காது. வைக்கோல் நிறத்தில் புல், அதற்கு நடுவே கறுப்புக் கற்கள், முள் மரங்கள், ஆள் உயரத்துக்குக் காட்டுக் கற்றாழை. பள்ளிக்கூடத்தில் பாலை என்று படித்தோமே, அதற்கு உரிய பொருள் பிரிவு என்று வாத்தியார் பிரம்போடு நின்று ஒப்பிக்கச் சொன்னாரே, அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாலையை வந்து பார்க்க இத்தனை கடல் தாண்ட வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரம் எதிரே ஒரு ஆள் வரவில்லை. என்ஜின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. நிறுத்தினால் அதுவும் இல்லை. ஒரு மான் பாதையின் நடுவில் நின்று என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து போயிற்று. எனக்குப் பேச வேண்டும் போல் இருந்தது. கடையில் நாள் முழுக்க இந்தத் தீவுப் பேச்சான கிரியோல் பேசுகிறேன், முதலாளியோ குஜராத்திக்காரர். வீட்டில் பாக்கியம் கிரியோலைக் கலந்து பேசினாலும் நான் சொல்கிற தமிழ் முழுவதையும் கேட்டுக்கொள்வாள். அவள் போனபிறகு ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச யாருமில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சாக்கோடு பேசிக்கொண்டு போனேன். பார்த்துப் பிடித்துக்கொள், பள்ளம் வருகிறது என்றெல்லாம் சொன்னேன்.

ஏழே முக்காலுக்குத் தமரேன் உப்பளம், பதினெட்டு மைல். கல்லால் கட்டிய சதுரப் பாத்திகளில் கடல்நீர் காய்ந்துகொண்டிருந்தது, கண் கூசும். அங்கே சங்கிலி கழன்றுவிட்டது. மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உப்பு வாரிக்கொண்டிருந்த கிரியோல்காரர் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, சாக்கில் என்ன மிசியே, உப்பா என்று கேட்டார். கல் என்றேன். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார், எங்கும் கல்.

“இந்தப் பக்கத்துக்கே கல் கொண்டுவந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்று கிரியோலில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுவதும் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ரிவியேர் நுவாருக்குப் பிறகு பாதை என்று சொல்ல முடியாது, சக்கரத் தடம்தான். இடது வளைவுகள் அதிகம். முதல் கியரில் போங்கள். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் காஸ் நுவாயால் போய்ச் சேர்ந்தேன். மொத்தம் இருபத்தாறு மைல்.

மாமனாருக்கு அங்கே இரண்டு ஆர்ப்பான் சொந்த நிலம், இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. கரும்பு வராத மண். சோளம் போடுகிறார், கற்றாழை வெட்டி நார் ஆலைக்குக் கொடுக்கிறார். தகரக் கூரை வீட்டின் முன்னால் பாக்கியம் சாக்கை விரித்து உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கை மட்டும் நின்றது, பிறகு மறுபடி உதிர்க்க ஆரம்பித்தது. ஆள் இளைத்திருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது.

மாமனார்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “வாங்க மாப்ளே. இத்தன நாளா வழி தெரியலியா?”

“நீங்க கூட்டிட்டு வருவீங்கன்னு காத்திட்டிருந்தேன், மாமா” என்றேன்.

“நானா?” அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “பொண்ண நாமே கொண்டுபோய் வாசல்ல விடறதா? அது பொண்ணு வேணாம்னு சொன்ன வீட்டுக்குப் போய்க் கெஞ்சற மாதிரி. இங்க புருஷன்தான் வந்து கூப்பிடணும். எங்க அப்பா காலத்துலேருந்து அப்பிடித்தான். ஆவணி மொத நாளுலேருந்து நாங்க லாரூட்டப் பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு.”

லாரூட் என்றால் இவர்கள் பேச்சில் சாலை. நான் அங்கே என் ஊர் வழக்கத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இவர்கள் இங்கே தங்கள் வழக்கத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இந்தப் பெண் சோளம் உதிர்க்கிறாள். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று தலைமுறையாக இந்தத் தீவில் இருப்பவர்களின் வழக்கம் வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவன் என்று பெயர் வேறு.

சாப்பாடு ஆனதும் மாமனார் கற்றாழை வெட்டும் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்குப் போய்விட்டார், வேண்டுமென்றேதான். நான் பாக்கியத்திடம், “பொட்டிய எடுத்து வை, ரெண்டரைக்குக் கிளம்பினா வெளிச்சத்துலயே போயிடலாம்” என்றேன்.

“நா இன்னிக்கு வரல” என்றாள்.

நான் அவளுக்கு எதிரே சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“இங்க எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? இந்தியா மாப்ளே கப்பல் ஏறிட்டாருன்னு. கடையில, கிணத்துல, கோயில்ல, எங்க போனாலும் அதே பேச்சு. அம்மா அழுதுச்சு. நா அழல. அவரு வருவாருன்னு சொல்லிட்டே இருந்தேன். அப்பறம் சொல்றத விட்டுட்டேன்.” அவள் தமிழ் இப்படித்தான் மெதுவாக வரும், ஒவ்வொரு வார்த்தையாக. “உங்களுக்கு வண்டி இருந்துச்சு. எனக்கு என்னா இருந்துச்சு?”

“தப்பு என்னோடதுதான். நீ வரமாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயமாவும் இருந்துச்சு” என்றேன். இதை நான் அதுவரை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அவள் ஒரு சோளக் கதிரை எடுத்து உதிர்க்க ஆரம்பித்தாள். “இன்னிக்கு ஏறிப் போனா, வந்தாரு, மூட்ட மாதிரி தூக்கிப் போட்டுட்டுப் போனாருன்னுதான் பேசுவாங்க. மூணு வாரத்துல தீபாவளி. மொத தீபாவளி பொண்ணு வீட்டுல. உங்க ஊர்ல எப்பிடி?”

“எங்க ஊர்லயும் அப்பிடித்தான்.”

“நல்லது, அதுலயாச்சும் ஒத்துப்போச்சு. பகல்ல வாங்க. ரெண்டு நாளு தங்குங்க, எல்லாரும் பாக்கட்டும். அப்பறம் நா வரேன். இப்ப நானே கூப்பிட்டாச்சு. காதுல விழுந்துச்சா?”

விழுந்தது என்றேன்.

இரண்டரைக்கு வண்டியைக் கிளப்பினேன். அப்போதுதான் அவள் வேலி வரை வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “யாரு ஒக்காந்திருக்கா இங்க?”

“கல்லு. தொட்டி காலியா இருந்தா வண்டி கவுந்துடும்.”

“எவ்வளவு?”

“தொண்ணூத்தாறு ராத்தல்.”

அந்த எண்ணை அவள் மறக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. குனிந்து சாக்கின் கட்டை அவிழ்த்தாள். ஒரு கல்லை எடுத்தாள், கையில் வைத்து நிதானித்துப் பார்த்து வேலியோரம் போட்டாள். இன்னொன்று. யோசித்து, சிறியதாக மூன்றாவது ஒன்று. பிறகு சாக்கைப் பழையபடி இறுக்கிக் கட்டினாள்.

“இப்ப சரியா இருக்கும்” என்றாள். சோளத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அதே கல், அதே முள், அதே வெயில், இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து. உப்பளத்தில் ஆள் யாருமில்லை. இடது வளைவுகளில் தொட்டி போனபோதைவிட அதிகமாக எழும்பியது, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். சாக்கோடு பேசவில்லை. பம்பூவில் கரும்பைப் பார்த்தபோது கண் கலங்கியது, தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு வீடு. கதவைத் திறந்து உள்ளே போனால் காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாகச் சாக்கைத் தராசில் ஏற்றினேன். எண்பத்தைந்து ராத்தல்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். காலை ஆறுக்கு முன் புறப்படுங்கள். பம்பூவைத் தாண்டிப் பெட்ரோல் கிடையாது, இரண்டு காலன் போக வரப் போதும், மிச்சமும் இருக்கும். சங்கிலிக்கு ஒரு மாற்று இணைப்பு, நான்கு புட்டி தண்ணீர், தலைக்குத் துண்டு அவசியம். ஊர்க்காரர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்காமல் வாய்விட்டுக் கேளுங்கள். சைட்கார் உள்ளவர்கள் பாரம் வைக்காமல் போகாதீர்கள்.

என் சாக்கு இன்னும் கடைத் தராசின் பக்கத்தில்தான் இருக்கிறது. எண்பத்தைந்தில் ஒரு கல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தீபாவளிக்குப் போகும்போது அதையே கட்டிக்கொண்டு போவேன். அவள் ஏறும்போது அதை அங்கேயே இறக்கிவிடுவேன், யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்; வேலியோரத்தில் கிடக்கும் மற்ற மூன்று கல்லையும் அவளுக்குத் திரும்பச் சேர்க்கிற வேலை எனக்கு இருக்கிறது.