வள்ளத்தில் நான் சொன்ன இறைச்சிக் கதை

பிள்ளைகளே, புறம் பேசாதீர்கள் என்று வாப்பா உங்களை அதட்டுகிறேனே, நான் பேசியதே இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். பேசினேன். அதுவும் என் உயிர்க் கூட்டாளியைப் பற்றி.

வெள்ளைக்காரன் ஆண்ட, உலகச் சண்டைக் காலம். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. கிண்ணியாவிலிருந்து ஏழெட்டுப் பேர் ஒரே வள்ளத்தில் போய் வருவோம். கூட்டாளி என் பக்கத்தில்தான் இருப்பான். அவன் கட்டுச்சோற்றில் மீன் துண்டு இருந்தால் பெரிய பாதி எனக்குத்தான்.

ஒருநாள் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் சமையல் குசினிக்குப் பின்னால் அவன் இறைச்சி அடைத்த தகரப் பேணிகளைச் சாக்கில் போடுவதைக் கண்டேன். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. வள்ளத்தில் என் வாய் சும்மா கிடக்கவில்லை.

"மச்சானுக்கு இப்ப நம்மட ஆக்கள் அறுத்த இறைச்சி ருசிக்காது. சோல்ஜர்மார்ர பேணிதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டாளியின் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வாப்பா.

மூன்றாம் நாள் அவர் சம்பந்தத்தை முறித்துவிட்டார். "ஹறாம் தின்னுற வீட்டுல பொண்ணெடுக்க ஏலாது" என்றாராம்.

கேள்விப்பட்டதும் கூட்டாளி வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் வெற்றுப் பேணிகள். பன்றி இறைச்சி இருந்திருக்குமோ என்று நெருப்பில் சுட்டு, மார்க்கம் சொன்னபடி ஏழு தரம் கழுவி, அதில் ஒரு தரம் மண்ணும் சேர்த்து, வெட்டித் தட்டித் தகடாக்கி அடுக்கியிருந்தான். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவிருந்த வீட்டின் கூரை ஒழுகியது. தகரம் கிடைக்காத காலம். குப்பையில் பொறுக்கியதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான்.

"அந்தக் கதைய நான்தான் சொன்னனான்" என்றேன்.

சுத்தியலைக் கீழே வைத்தான். "நான் பேணி இறைச்சி தின்னல்ல மச்சான். நீதான் என்ட இறைச்சியத் தின்டிட்டாய்."

புறம் பேசுவது செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பது போல என்று குர்ஆனில் இருப்பது, ஓதப்போன வயதிலேயே எனக்குத் தெரியும். அன்றுதான் விளங்கியது. நான் சொன்னது உண்மையாக இருந்திருந்தாலும் புறம்தான், பிள்ளைகளே. பொய்யானபடியால் இன்னும் பெரிய பாவம்.

"என்னப் பொருந்திக்க மச்சான், மன்னிச்சிடு." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுது என்ன செய்ய? நாளைக்கு வள்ளத்தில சொல்லு. அண்டைக்குச் சொன்ன மாதிரியே சத்தமாச் சொல்லு."

மறுநாள் வள்ளத்தில், பேணி கூரைக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன். மாப்பிள்ளையின் வாப்பா கரை சேரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது கூட்டாளியிடம், "கூரைக்கு ஏற ஆள் வேணுமே, என்ட மகன அனுப்புறன்" என்றார். கூட்டாளி என் தோளை ஒரு இடி இடித்தான். அந்த இடியில் எல்லாம் இருந்தது.

ஆனால் அன்று சிரித்தவர்களில் ஒருவர், இடையில் வேலையை விட்டுக் கந்தளாய்க்கு வயல் செய்யப் போய்விட்டார். அவருக்கு உண்மை தெரியாது.

வேலை முடிந்ததும் தனியே தபால் கந்தோருக்குப் போனேன். ஒரு தபால் அட்டை வாங்கி, நான் சொன்னது பொய், அது ஹலாலான வீடு என்று பெரிய எழுத்தில் எழுதினேன். வழியில் யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும் என்றுதான் உறை வாங்கவில்லை. பெட்டிக்குள் போட்டுவிட்டு, அது விழுந்த சத்தம் கேட்டபிறகே கையை எடுத்தேன்.