நீல நுனிச் சணல்

மறைந்த செல்லையா அண்ணாச்சியைப் பற்றி, அவரை அறிந்த நம் குழுவினருக்காக எழுதுகிறேன். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது.

1. அவரை நாம் ஏன் நம்பினோம்.
2. என் வழக்கில் அவர் சொன்ன தீர்ப்பு.
3. நான் யார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

சென்ற வாரம் கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் குழுவின் பக்கத்தைத் திறந்தேன். 'பருத்தி' என்ற அவருடைய புனைபெயரில் ஒரு வரி இருந்தது: "அப்பா காலமாகிவிட்டார்கள். இது மகள்." கணினியை அணைக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

தீப்பெட்டி லேபிள்களைத் தபாலில் மாற்றிக்கொள்ளும் நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. தகராறு வந்தால் சம்பந்தப்பட்ட இருவரும் சரக்கை அவருக்கு அனுப்புவோம்; அவர் சொல்வதே தீர்ப்பு. நாமெல்லாம் புனைபெயரும் தபால்பெட்டி எண்ணும்தான்; பெயரோடு முகவரியை வெளியிட்டவர் அவர் ஒருவரே. நாம் நம்பியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நான் கொடுத்த கிளிப்பட லேபிள் புது அச்சு என்றும், பழையது என்று சொல்லி ஏமாற்றிவிட்டேன் என்றும் ஒருவர் புகார் எழுதினார். நிரூபணமானால் குழுவிலிருந்து என் பெயர் நீங்கும். பணி ஓய்வுக்குப் பின் எனக்கிருந்த பேச்சுத்துணை இந்தக் குழு மட்டும்தான்.

ஆலையில் கட்டியபடியே என்னிடம் மீதியிருந்த லேபிள் கட்டு ஒன்றை நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று கயத்தாற்றில் இருந்த அவருடைய கயிற்றுக் கடைக்குப் போனேன். ஒரு லாரி டிரைவர் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"முகந்தெரியாதவன் சண்டைக்கு நீரு என்னத்துக்கு அண்ணாச்சி நாட்டாமை பண்ணுதீரு?"

"முகந்தெரிஞ்சா ஒரு பக்கம் சாஞ்சிருவேம்லே. ஒங்கிட்ட பாக்கி கேக்க முடியுதா பாரு!"

என்னைப் பார்த்து, "ஸாருக்கு என்ன வேணும்?" என்றார்.

"சணல்," என்றேன். பிரியாமல் இருக்க நுனியில் நீல மை தோய்த்த சணல் உருண்டை ஒன்றைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, அந்தச் சணலாலேயே பார்சலைக் கட்டித் தபாலில் அனுப்பினேன்.

தீர்ப்பு நினைவிருக்கும்: "புது அச்சுதான். பழைய அச்சுக்கட்டையில் ஆலைக்காரர்கள் மறுபடி அடித்தது. இவரோ ஆலையிலிருந்து வந்த கட்டைப் பிரிக்காமலே அனுப்பியிருக்கிறார். ஏமாற்றுகிறவர் தன்னையே காட்டிக்கொடுக்கும் கட்டை அனுப்பமாட்டார். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று எழுதியது தவறு. இருவரும் லேபிள்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்." அதன்பின்தான் ஒவ்வொரு லேபிளோடும் 'எனக்குத் தெரியாதது' என்று ஒரு வரி சேர்க்கும் வழக்கம் நம்மிடம் வந்தது.

பிறகு பலமுறை அந்தக் கடைக்குப் போனேன். ஒருமுறைகூட நான் இன்னாரென்று சொல்லத் துணியவில்லை. ஒவ்வொரு முறையும் சணல் வாங்கினேன்.

இதுவரை எழுதிவிட்டு நேற்று அவர் வீட்டுத் துக்கத்துக்குத் துட்டி கேட்கப் போனேன். அவர் மனைவி என்னைக் கண்டதும், "வாங்க ஸார். சணல் ஸார்தான?" என்றார். "பார்சல்ல நம்ம கடை நீல நுனிச் சணலப் பாத்த அன்னைக்கே அவியளுக்குத் தெரியும். 'கேட்டா மனுசன் கூச்சப்பட்டு இந்தப் பக்கமே வரமாட்டாரு, நீயும் கேக்காத'ன்னுட்டாவ."

தெரிந்திருந்தும் அவர் என் பக்கம் சாயவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது லேபிளோடு சேர்க்கும் அந்த ஒரு வரிதான். மூன்றாவதாக நான் குறித்தது தவறு. அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். பக்கத்தில் 'எனக்குத் தெரியாதது' என்று சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.