மாடிவீட்டுக்காரனும் எஸ்டோனியத் தூதரும்

போன வாரம், இப்போது நான் வேலை பார்க்கும் பிளானோ ஆபீஸில் ஒரு வீடியோ மீட்டிங். புதிதாகச் சேர்ந்த இளைஞன், எஸ்டோனியாவிலிருந்து பேசுவதாகச் சொன்னான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. உங்கள் நாட்டுத் தூதர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன் என்று அளந்தேன். அவன் மரியாதைக்குச் சிரித்தான். மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் மூக்கிலோ ஏலக்காய் ரொட்டி வாசனை ஏறிவிட்டது. அதன்பிறகு என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரியாது.

முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, நியூ ஜெர்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்யாணமான கையோடு நானும் வசந்தியும் ஒரு பெரியவரின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலக்காய் போட்டு ரொட்டி சுடுவார். மற்ற நாட்களில் கோட்டு, டை, நியூயார்க் ரயில். என்ன வேலை என்று கேட்டேன். "எஸ்டோனியாவின் தூதர்" என்றார்.

பள்ளியில் புவியியலில் முதல் மார்க் வாங்கிய திமிர் எனக்கு. உலக வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். சோவியத் யூனியன் மேல் விரலை வைத்து, அப்படியொரு நாடே இல்லையே என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "படம் போட்டவர் தவறு செய்துவிட்டார்" என்று சொல்லி, என் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி வைத்தார்.

மேலே வந்து, "பாவம், பெரியவருக்கு மறை கழண்டுடுச்சு" என்றேன்.

"கழண்டது உங்களுக்குத்தான்" என்றாள் வசந்தி. "சின்ன வயசுல இங்க வேலைக்கு வந்தாராம். ரஷ்யாக்காரன் ஊரைப் புடிச்சதும், திரும்பி வா, இல்லேன்னா துரோகின்னு ஆர்டர் போட்டானாம். இவர் போகல. ரஷ்யாக்காரன் புடிச்சதை அமெரிக்காவும் ஒத்துக்கலையாம், அதான் இன்னும் தூதரா இருக்காரு. நேத்துகூட ஒரு அம்மாவுக்கு பாஸ்போர்ட் ரினியூ பண்ணிக் குடுத்தாரு. பெத்த அம்மா செத்தப்போகூட அவரால ஊருக்குப் போக முடியலையாம்."

நான் வரைபடத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

பிறகு ஓர் ஆகஸ்ட் மாதக் காலையில் கதவு தட்டும் சத்தம். காலில் ஷூ இல்லாமல் நின்றார். "என் டிவியில் எஸ்டோனியா விடுதலை என்கிறார்கள். உங்கள் டிவியிலும் அதையேதான் சொல்கிறார்களா?" போட்டோம். அதையேதான் சொன்னார்கள். எங்கள் சோபாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

எஸ்டோனிய வெளியுறவு அமைச்சகத்துக்கு உதவச் சொல்லி ஊரிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். உலக அரசியல் விளக்கிக்கொண்டே எக்ஸிட்டைத் தவறவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தானே கையெழுத்திட்ட பாஸ்போர்ட்டைத் தடவியபடி, "அங்கே என்னைத் தெரிந்தவர் யார் இருக்கப்போகிறார்கள்?" என்றார்.

புத்தாண்டுகளில் போன் பேசுவோம். தான் பேசும் மொழி தாத்தா காலத்து மொழி என்று அங்கே ஆபீஸ் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். "நாடு கிடைத்துவிட்டது, என் ஊரைத்தான் காணோம்" என்றார். ஒரு வருஷம் யாரும் போனை எடுக்கவில்லை.

இந்தக் கோடையில் நியூ ஜெர்சி போனோம். அந்த வீட்டை இடித்து டேகேர் கட்டியிருக்கிறார்கள். காரைவிட்டு இறங்காமல், "உங்க பேரை ஒரு மாதிரி இழுத்துக் கூப்பிடுவாரே, எப்படிங்க அது?" என்றாள் வசந்தி.

சொல்லிப் பார்த்தேன். இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் என் குரலாகவே இருந்தது.