புதுநன்மைப் படம்

தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் இருந்த என் ஸ்டூடியோவுக்கு ஓர் ஆட்டோ ஃபோகஸ் கேமரா வாங்கினேன். நாற்பதைத் தாண்டியதும், லென்ஸைக் கையால் திருப்பித் துல்லியம் பார்க்க என் கண் தடுமாற ஆரம்பித்திருந்தது. புதுக் கேமராவில் சின்ன விசை ஒன்று உண்டு. ஒரு பக்கம் தள்ளினால், பட்டனைப் பாதி அழுத்தியதும் முகத்தைப் பிடித்து அப்படியே பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் தள்ளினால், ஆள் நகர நகர விடாமல் பின்னாலேயே வரும். நான் அதைப் பூட்டும் பக்கத்திலேயே வைத்திருந்தேன். படம் எடுக்க வருகிறவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரளச்சிப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மகளோடு பஸ் ஏறி வந்தார்கள். அன்று காலையில்தான் மாதா கோயிலில் அவளுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை அப்பம், கொடுத்திருந்தார்கள். வெள்ளை கவுன், தலையில் வெள்ளைப் பூக்கிரீடம். எட்டு ஒன்பது வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே தலையும் கைகளும் ஆடிக்கொண்டே இருக்கும் பிள்ளை.

"தூங்குறப்பக்கூட வெரலு அசைஞ்சுக்கிட்டேதேன் இருக்கும்ணே" என்றாள் தாய்.

பூட்டும் முறையிலேயே முதலில் எடுத்தேன். கேமரா பிடித்து முடிப்பதற்குள் முகம் முன்னால் வந்துவிடும்.

"கொஞ்ச நேரம் அசையாம இரு தாயி" என்று அப்பா கெஞ்சினார். அவளும் முயன்றாள். முயல முயல ஆட்டம் கூடியது. அது அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

விசையை மறுபக்கம் தள்ளினேன். லென்ஸ் முனகிக்கொண்டே அவளோடு முன்னும் பின்னும் போனது. நடுவிலிருந்த சின்னச் சதுரத்தை அவள் கண் மேலேயே வைத்துக்கொண்டு, நானும் கூடவே ஆடியபடி எடுத்தேன்.

"வெளங்காம சிலது விழுந்திருக்கும். நல்லா வந்தத மட்டும் போட்டுத் தாரேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்றே ஒன்று தெளிவாக வந்திருந்தது. சிலை போல நின்றிருந்தாள். படம் வாங்க வந்த அப்பா அதைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "எம்புள்ளையா இது!" என்றார்.

மறுவருசம் தாய் மட்டும் வந்தாள். காய்ச்சலில் பிள்ளை போய்விட்டாள். சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டும் என்றாள். தெளிவாக வந்த படத்தின் நெகட்டிவை எடுத்தேன்.

"அது இல்லண்ணே. வெளங்காம விழுந்துச்சுன்னு சொன்னீகள்ல, அதுல ஒண்ணு குடுங்க."

கையிலிருந்த நெகட்டிவை மேசையில் வைத்தேன்.

"அவ அசையாம கெடந்தது ஒரே ஒரு நாளுதேன். அந்தப் படத்தப் பாத்தா அந்த நாளுதேன் முன்னால வருது."

பூட்டும் முறையில் எடுத்தவற்றைத் தேடினேன். ஒன்றில் பின்னாலிருந்த திரைச்சீலை மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அவள் முகம் கலங்கிய வெள்ளையாக இருந்தது. ஆனாலும் சிரிப்பது தெரிந்தது. மதுரை லேபுக்கு அனுப்பிப் பெரிதாக்கி வாங்கினேன்.

அடுத்த வாரம் வந்தவள், அந்த முகத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"தெளிவா விழுந்ததயும் ஒண்ணு பெருசாப் போட்ருங்கண்ணே. அவ அப்பாவுக்கு அதத்தேன் பாக்கணும்" என்றாள்.

அவள் போனபின் படம் எடுக்க வந்த புதுத் தம்பதியை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, கடையை அடைத்தேன்.