விருந்தாளி வந்தால் அடங்கிவிடும் வண்டி

துத்திப்பட்டு ஆதிகேசவனிடம் இருந்த ஒரே கர்வம், அவர் ஓட்டுகிற வண்டியில் ஏறியவர்கள் தூங்கிப்போவார்கள் என்பது. பல்வலியோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்கள்கூடப் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் குறட்டை விட்டிருக்கிறார்கள். வாலிபத்தில் அவர் பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஓட்டினார். அதில் கிளீனர் தூங்கியதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது, கிளீனர்கள் எதிலும் தூங்குவார்கள். ஆனால் பிறகு அவர் கார் ஓட்டப்போன இடத்தில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் முதலாளி வக்கார் அகமது தூங்கினாரே, அது சாமானியமா? மெத்தையில் படுத்தால் ஏற்றுமதிக் கவலையில் விடிய விடியப் புரளுகிற மனிதர் அவர். "டாக்டர் குடுத்த மாத்திரை எல்லாம் வேஸ்ட். எனக்கு ஆதி ஸ்டியரிங்கைத் தொட்டாப் போதும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்ட நாளில் ஆதிகேசவனுக்குத் தரையில் கால் பாவாது.

அப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில்தான் அந்த வெளிநாட்டு வண்டி வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம். வாடகை வீடு ஒன்றைச் சக்கரத்தில் ஏற்றிவிட்ட மாதிரி அகலம். முதல்நாள் வக்கார் அகமது எஞ்சினைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. நேரே சீட்டைக் கிள்ளி, குனிந்து முகர்ந்து, "நம்ம பக்கத்துத் தோல் இல்ல, ஆனா நல்ல மாடு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கியர் தானாக மாறும், கிளட்ச் கிடையாது. ஆதிகேசவனின் இடது கால் அன்றோடு ஓய்வு பெற்றது. போகட்டும், பின்சீட்டில் மாதனூர் வருவதற்குள் குறட்டை கேட்டது, அவருக்கு அது போதும்.

ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஆம்பூருக்குக் கொஞ்சம் முன்னால், வண்டி பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல ஒரு துள்ளு துள்ளியது. டொக்கென்று அடியில் சத்தம். நல்ல தூக்கத்தில் இருந்த வக்கார் அகமதுவின் நெற்றி முன்சீட்டில் போய் முட்டியது.

"இன்னா ஆதி, பள்ளமா?"

"பள்ளமே இல்லீங்க மொதலாளி. கியர் மாறச்சொல்ல உதைச்சிச்சு."

அடுத்த வாரம் வேலூரிலிருந்து வரும்போது மறுபடியும். அதற்கடுத்து கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, வீட்டம்மா அன்வரி பேகம் மடியில் வைத்திருந்த மக்கன் பேடா டப்பாவோடு. பாகு எங்கெங்கே ஒட்டியது என்று எழுதினால் மரியாதையாக இருக்காது. போகும்போது ஒன்றுமில்லை, வீட்டை நெருங்கும்போதுதான் இந்த ஆட்டம். வண்டிக்கு வீடு பிடிக்கவில்லை என்று ஆதிகேசவன் நிஜமாகவே நம்பினார். முன்பக்கம் ரகசியமாக எலுமிச்சம்பழம் கட்டினார். அன்வரி பேகம் தன் பங்குக்குக் கண்ணாடியில் ஒரு தாயத்தைத் தொங்கவிட்டார். வண்டி இரண்டு மதத்துக்கும் மசியவில்லை.

வாரண்டி இருக்கிறதே, பயமென்ன என்று சென்னையில் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மனிதர்களுக்குக் குளுகுளு அறையில் காபி, வண்டிக்குக் குளிர்ந்த தண்ணீரில் குளியல். இரண்டும் முடிந்து மத்தியானத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தால் வண்டி பட்டு மாதிரி போனது. அன்வரி பேகம் உதையைப் படம் பிடித்து அனுப்பினார். அதில் வண்டி தெரியவில்லை, "யா அல்லா" என்ற அலறல் மட்டும் நன்றாகப் பதிவாகியிருந்தது. கடைசியில் கம்பெனி ஒரு பதில் எழுதியது: பழுது எதுவும் காணப்படவில்லை, ஓட்டுநர் ஓட்டும் விதம் காரணமாக இருக்கலாம்.

அந்தக் கடைசி வரியை ஆதிகேசவன் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தூங்குவதை நிறுத்திவிட்டார். மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்து வந்தார். முதலாளியின் மச்சினர் ஒருநாள் ஆதிகேசவன் காதில் விழும்படியே சொன்னார்: "லாரி ஓட்டின கால், பாய், இந்த மாதிரி வண்டிக்கு அது ஆவாது. சென்னையில ஒரு பையன் இருக்கான், ஆட்டோமேட்டிக்ல கில்லாடி. பெருநாள் முடிஞ்சதும் வரச்சொல்லவா?" வக்கார் அகமது வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். ஏற்றுமதிக் கடிதங்களுக்கு அவர் சொல்லும் "பாக்கலாம்" எப்போதும் சம்மதத்தில்தான் போய் முடியும் என்று ஆதிகேசவனுக்குத் தெரியும். வாரண்டியும் பெருநாளை ஒட்டித்தான் முடிகிறது.

வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு தலையணையை வலது காலால் மெல்ல மெல்ல அழுத்திப் பழகினார். அவர் மனைவி சங்கீதா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா பண்றீங்க?"

"கால் வேகம் ஜாஸ்தியா இருக்கான்னு பாக்கறேன்."

"நாள் பூரா பெடல் மிதிக்கிறவ நானு. ஒங்க காலுக்கு ஒண்ணும் இல்ல. தலாணியத்தான் பேஜார் பண்றீங்க, எடுங்க அத."

அவர் எடுத்தார். ஆனால் சந்தேகம் கூடவே வந்து படுத்தது. உண்மையில் நான்தான் உதைக்கிறேனோ?

கம்பெனி கடைசியாக ஓர் இன்ஜினியரை ஆம்பூருக்கே அனுப்பியது. பெயர் ஷாஜின், வேலூரில் பிறந்து சென்னையில் வேலை செய்கிற இளைஞன், நல்ல மாதிரி. அவன் வந்து இறங்கியபோது வண்டியும் அப்போதுதான் வேலூரிலிருந்து வந்து நின்றது. "ஓட்டிப் பார்த்துடலாமா சார்?" என்றான். வக்கார் அகமது அதிர்ந்துபோனார். வீட்டுக்கு வந்த மனிதன் சாப்பிடாமல் வேலையைத் தொடுவதா? ஆம்பூரிலா? சீரகச்சம்பா பிரியாணி வந்தது, கத்திரிக்காய் வந்தது, வெங்காயப் பச்சடி வந்தது, போதும் போதும் என்ற பிறகு இனிப்புக்குப் பிர்னி வந்தது. அப்புறம் சுலைமானி டீ, அப்புறம் குடும்பக்கதை. எல்லாம் முடிந்து ஷாஜின் வண்டியை வாணியம்பாடி வரை ஓட்டினான். வெண்ணெய்.

அன்வரி பேகத்துக்கு ஒரே வருத்தம். கவனிப்பு போதவில்லை, அதனால்தான் பிள்ளை மனசு வைத்துப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டினார். அடுத்த முறை அவன் வந்தபோது பிரியாணியோடு ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் சேர்ந்தன, வறுத்த கோழியும் சேர்ந்தது. ஷாஜின் நடக்க முடியாமல் சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்தே போனான். எழுந்து ஓட்டினான். வெண்ணெய் இப்போது நெய்யாகியிருந்தது. "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, என் கையில ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது" என்று ஆதிகேசவனிடம் தனியாகச் சொன்னான். ஆதிகேசவன் சிரித்து வைத்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ரமலான் நோன்பு வந்தது. பாதி நோன்பு கழிந்தபோது, வாரண்டி முடியுமுன் கடைசித் தடவையாக ஷாஜின் வருவதாகத் தகவல் வந்தது. அன்று ராணிப்பேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். மாதனூர் தாண்டியதும் வண்டி வழக்கம்போல ஒரு உதை விட்டது. வாசலில் ஷாஜின் காத்துக்கொண்டிருந்தான்.

"வா பேட்டா, உள்ள வா. சாப்பாடு ரெடி" என்றார் வக்கார் அகமது. வீட்டில் எல்லோரும் நோன்பு, இருந்தாலும் விருந்தாளிக்கென்று தனியாகச் சமைத்து வைத்திருந்தார் அன்வரி பேகம்.

ஷாஜின் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டான். "சார், நீங்க எல்லாரும் பச்சத்தண்ணி குடிக்காம இருக்கீங்க. நான் மட்டும் நடுக்கூடத்துல உக்காந்து எலும்பு கடிச்சா எனக்கே தொண்டையில எறங்காது. இன்னிக்கு வேணவே வேணாம். மொதல்ல வண்டி."

அந்த வீட்டின் சரித்திரத்தில் அப்படி ஒரு வாக்கியம் சொல்லப்பட்டதே இல்லை. அன்வரி பேகம் அவசரமாக அடுக்குக் கேரியரை வண்டிக்குள் திணித்தார். எஞ்சின் இன்னும் அணையாமல் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஷாஜின் ஸ்டியரிங்கில், முதலாளி முன்சீட்டில், ஆதிகேசவன் வாழ்நாளில் முதல்முறையாகப் பின்சீட்டில்.

நெடுஞ்சாலை ஏறினார்கள். ஆதிகேசவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பெருமாளை வேண்டினார். ஒரு டிரைவர் என்ன வேண்டக்கூடாதோ அதையே வேண்டினார். கெட்டுப்போ தாயே, இப்பவே கெட்டுப்போ. பெருமாளை வேண்டும்போது தாயே என்றோமே என்பது அவருக்கு உறைக்கவில்லை.

டொக்!

ஷாஜின் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டான். முதலாளியின் தொப்பி பறந்து கண்ணாடியில் பட்டது. கேரியர் உருண்டது. இன்னொரு உதை. அடுத்தது அதைவிடப் பெரிய உதை. திரையில் சிவப்பாக எச்சரிக்கை எரிந்தது. அத்தனை நாளும் அதற்குக்கூட வெட்கம், வெளியே வந்ததில்லை. வண்டி மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கி, ஒரு டீக்கடைக்கு எதிரே சாலையோரமாக நகர்ந்து, ஒரு பெருமூச்சோடு நின்றுவிட்டது.

ஷாஜின் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான். "அண்ணா... நான் ஒண்ணுமே பண்ணலண்ணா."

"அதான்யா!" என்று கத்தினார் ஆதிகேசவன். "அதத்தான்யா நானும் இத்தனை நாளா சொல்றேன்!"

கதவைத் திறந்து குதித்தார். சாலையோரத்தில் சுற்றிச் சுற்றி வந்தார். செருப்பு ஒன்று கழன்றதைக் கவனிக்கவில்லை. போகிற லாரிக்கெல்லாம் கை காட்டி, "நின்னுபோச்சு! வண்டி நின்னுபோச்சு!" என்று ஆனந்தமாக அறிவித்தார். உதவி கேட்கிறாரா, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாரா என்று புரியாமல் ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, முகத்தைப் பார்த்து மிரண்டு, வேகத்தைக் கூட்டினார். ஷாஜினும் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். கம்பெனி இன்ஜினியர் தன் கம்பெனி வண்டி படுத்ததற்காகக் குதித்ததை வேறெங்கும் பார்க்க முடியாது. திடீரென்று குதிப்பதை நிறுத்தித் தலையில் அடித்துக்கொண்டான்.

"சார்! சூடு! இது போயிட்டுத் திரும்பி நல்லா சூடானாத்தான் வர்ற கோளாறு. நான் ஒவ்வொரு தடவையும் உங்க வீட்டுல சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள வண்டி ஆறிப்போச்சு!"

வக்கார் அகமது வாயைப் பிளந்தார். பிர்னி, பாயா, வறுத்த கோழி எல்லாம் கண்முன்னே வந்து போயிருக்க வேண்டும். "அப்ப... நாங்க சோறு போட்டே கோளாற மறைச்சிட்டோமா?" என்றார். நோன்புக் களைப்பில் இருந்த மனிதர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே மச்சினருக்குப் போன் போட்டார். "அந்தச் சென்னை பையன் வேணாம்ப்பா. ஏன்னா? வண்டி இன்ஜினியரையே உதைச்சிச்சு, அதான்!"

ஷாஜின் அங்கேயே நின்று கம்பெனிக்குப் பேசினான். கியர் பெட்டி முழுவதும் வாரண்டியில் மாற்ற வேண்டும், ஓட்டுநர் மேல் எந்தப் பிழையும் இல்லை, நானே ஓட்டினேன் என்றான். எதிர்முனையில் இருந்தவருக்குக் காது மந்தமோ என்னமோ, பிழை இல்லை என்பதை இன்னொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. ஆதிகேசவனுக்கு அது இன்னும் நாலு தடவை வேண்டியிருந்தது.

தூக்கிக்கொண்டு போகிற வண்டி வேலூரிலிருந்து வரவேண்டும். வெயில் தணிந்தது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கவும் டீக்கடைக்காரர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, தட்டில் பேரீச்சம்பழமும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து வைத்தார். அன்வரி பேகத்தின் கேரியரும் திறந்தது. வக்கார் அகமது பழத்தைக் கையில் எடுத்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் ஆதிகேசவனைப் பார்த்தார்.

"ஆதி, இங்க வா. பக்கத்துல உக்காரு."

ஆதிகேசவன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"உம்மேல சந்தேகப்பட்டேன். வாய்விட்டுச் சொல்லல, ஆனா பட்டேன். மன்னிச்சுடு, மாஃப் பண்ணிடு."

"ஐய, இன்னா மொதலாளி நீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

"நீ சொல்லு, அப்புறம் குடிக்கிறேன்."

வாணியம்பாடிப் பக்கத்து மசூதியிலிருந்து பாங்கு கேட்டது. ஆதிகேசவன் வாயைத் திறந்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பின. தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயால சொல்லு."

"அண்ணா, சீக்கிரம் சொல்லுங்கண்ணா!" என்று ஷாஜின் பறந்தான்.

"யோவ், சொல்லித் தொலையா! மனுஷன் விடியறதுக்கு முந்தி சாப்ட்டது!" என்று டீக்கடைக்காரர் கத்தினார். விஷயம் இன்னதென்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் கத்தினார்.

"நீங்க பட்டது கம்மி மொதலாளி" என்றார் ஆதிகேசவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான்தான் ஜாஸ்தி. எங்கால நானே நம்பாம பூட்டேன்."

வக்கார் அகமது பேரீச்சம்பழத்தை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை ஆதிகேசவனின் வாயில் திணித்தார்.

"அப்ப ரெண்டு பேரையும் சேத்து மாஃப் பண்ணு" என்றார்.

ஆதிகேசவன் வாய் நிறையப் பழத்தோடு, "பண்ணேன்" என்றார். அதன் பிறகுதான் முதலாளி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.