முதல் பிடி குருணை

நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். குடவாசலில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற உங்கள் கடையில், ஆறு மாத வயிற்றோடு நான் நின்றபோது, என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். உங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

எனக்கு அலங்காரமாக எழுத வராது. பத்தாவதோடு நின்றவள். நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சவுதிக்குப் போன வருஷம் அது. எங்கள் தெருவில் ஆண்கள் ஒவ்வொருவராகப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிய காலம். அவர்களுடைய அப்பாக்கள் பண்ணையில் கூலிக்கு நின்றவர்கள். பிள்ளைகள் குத்தகைக்கு நிலம் பிடித்து, சொந்தமாகச் சாகுபடி செய்ய ஆரம்பித்து இரண்டு போகம்கூட ஆகியிருக்காது, அதைப் பெண்கள் கையில் விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். எங்களுக்கு மூன்று மா நிலம். அதாவது ஒரு ஏக்கர். அதைப் பார்த்துக்கொள்ள நானும் என் மாமியாரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாற்றங்காலில் முதல் பிடி விதையைப் பிள்ளைத்தாய்ச்சிதான் போடவேண்டும். விதையைப் புடவை மடியில், வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று வீசவேண்டும். வயிற்றில் வளர்கிற மாதிரி வயலிலும் வளரும் என்று நம்பிக்கை. ஆவணியில் எனக்கு நாலு மாதம். நான்தான் போட்டேன். அந்த வருஷம் எங்கள் நாற்று, தெருவே நின்று பார்க்கிற மாதிரி எழுந்தது. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம், "என் மருமவ கை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஐப்பசியில் குருத்துப்பூச்சி விழுந்தது. நானும் மாமியாரும் பஸ் ஏறி உங்கள் கடைக்கு வந்தோம். கடை முழுக்கப் புதுப்புது கம்பெனிகளின் தட்டிகள், தொங்கும் காகிதத் தோரணங்கள். எல்லாவற்றிலும் பச்சை வயலும் சிரிக்கிற விவசாயியும்.

"நடுக்குருத்து காஞ்சு போவுது தம்பி, இழுத்தா கையோட வந்துடுது" என்றார் மாமியார்.

"குருணை மருந்து போடுங்க ஆத்தா, அடங்கிடும். மணல்ல கலந்து வீசணும். வீட்ல ஆம்பள இருக்காங்களா?"

"ஆம்பள எங்க? ஒட்டகம் மேய்க்கப் போயிட்டான். இவதான் வீசுவா. விதை இவ போட்டதுதான், பயிரு எப்படி நிக்கிதுன்னு வந்து பாருங்க."

நான் கேட்டேன். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் கடைகளில் நான் வாயைத் திறக்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அண்ணே, வயித்துல புள்ள இருக்கு. இத நான் தொடலாமா?"

நீங்கள் சிரித்தீர்கள். "அட ஏம்மா, இது பூச்சிக்கு. மனுசன என்னா பண்ணும்? காலையிலேருந்து இதத்தான் அள்ளிக்கிட்டிருக்கேன். எனக்கு என்ன கொம்பா மொளச்சிருக்கு? சோப்பு போட்டுக் கழுவுனா போச்சு."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "கொம்பு மொளச்சாலும் அதையும் எடை போட்டு வித்துடுவாரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரிய பையிலிருந்து குருணையை எடைபோட்டு, செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தீர்கள். கத்தரிப்பூ நிறத்தில், பெருமணல் மாதிரி இருந்தது. எங்களைப் போன்ற சின்னக் குடியானவர்களுக்கு அப்படித்தான் சில்லறையில் விற்பீர்கள். படம் போட்ட பையும் அதற்குள் இருக்கும் துண்டுச்சீட்டும் உங்கள் கடையிலேயே தங்கிவிடும்.

அள்ளும்போது உங்கள் வலது கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தீர்கள். வாடைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வயலுக்குப் போனோம். மாமியார் இரும்புச் சட்டியில் குருணையையும் ஈர மணலையும் கையால் பிசைந்தார். விதை போட்ட கை ராசியானது, முதல் பிடி குருணையும் அதே கை போடட்டும் என்றார். விதையைக் கட்டின மாதிரியே மடியில் கட்டிவிட்டார். கிழக்கே பார்த்து நிற்கவும் சொன்னார். முதல் பிடியை வீசியதும், "போதும், கொண்டா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினார். அவருக்கு முட்டிவலி. சேற்றில் கால் வைத்தால் எடுக்க முடியாது. மடியில் கட்டியதை எதற்கு அவிழ்ப்பது என்று மூன்று மாவையும் நானே போட்டு முடித்தேன். மடி தீரத் தீரச் சட்டியிலிருந்து நிரப்பிக்கொண்டேன். மணலின் ஈரம் புடவையைத் தாண்டி வயிற்றில் சில்லென்று ஊறிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் ஒரு உதை விட்டாள். "பாத்தீங்களா, குளுருதாம்" என்று மாமியாரிடம் சொல்லிச் சிரித்தேன்.

மதியத்துக்குள் தலை சுற்றி வாந்தி எடுத்தேன். எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. "ஆறு மாசத்துல மறுபடியும் மசக்கையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தார். அடுத்த நாள் வரப்பில் நண்டுகள் மல்லாந்து கிடந்தன. வரப்பை ஓட்டை போடுகிற சனியன் ஒழிந்தது என்று மாமியாருக்குச் சந்தோஷம்.

மார்கழியில் ஒருநாள் காலையிலிருந்து அசைவு இல்லை. கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. தலை நிறைய முடி. இடது காது மட்டும் கொஞ்சம் மடங்கி இருந்தது. துணியில் சுற்றி ஒருமுறை காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கண் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைத் திறந்து பார்த்திருக்கலாம். யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். எனக்குத் தோன்றவில்லை.

"காரணம் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. குருணையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

ஆனால் ஊருக்குக் காரணம் தெரிந்திருந்தது. பப்பாளி தின்றேனாம். உச்சிவெயிலில் வாய்க்கால் தாண்டினேனாம். எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டிருந்த என்னிடம் சவுதியிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன தின்ன?" என்பதுதான். அவரும் அழுதுகொண்டேதான் கேட்டார். இருந்தாலும் அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

தை பிறந்த பிறகு அடுத்த தெரு பாய் சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கையில் கயிறு கட்டிய நீளமான அட்டைப்பெட்டி. என் வயிற்றைப் பார்த்துவிட்டு, வாசலிலிருந்தே, "தங்கச்சி, மருமவப் புள்ள எங்க? ஆணா பொண்ணா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர் கிளம்பும்வரை அங்கே செய்தி போய்ச் சேர்ந்திருக்கவில்லை; என் வீட்டுக்காரர் போன் செய்தது அதற்குப் பிறகுதான். "உங்க வூட்டுக்காரரு இத ரெண்டு மாசமா கட்டிலுக்கடியில வச்சிருந்தாரு, ஒருத்தனயும் தொடவிடல" என்றார். மாமியார் அழத் தொடங்கியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைப்பதா கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

உள்ளே ஒரு கொசுவலைக் குடை. குழந்தைக்குக் கவிழ்க்கிறது. ரோஸ் நிறம், ஓரத்தில் வாத்துப் படம். எங்கள் ஊர்க் கொசுவை நினைத்து, அந்தப் பாலைவனத்தில் கடை கடையாக ஏறி வாங்கியிருக்கிறார். அதை நான் ஒரே ஒருமுறை விரித்தேன். நடுவீட்டில், காலிப் பாயின் மேல். பிறகு மடித்துப் பரணில் வைத்தேன். மூன்று வருஷம் கழித்துப் பிறந்த மகளுக்கும் அதை எடுக்கவில்லை. அது மூத்தவளுடையது.

அவள் போன பிறகு மாமியார் இருபது வருஷம் இருந்தார். "முதல் பிடி மட்டுந்தானே சொன்னேன், மிச்சத்த நீயில்ல போட்ட" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் குத்துவதற்காக அல்ல. அவரும் எங்கேயாவது இறக்கி வைக்கவேண்டும் அல்லவா? என் தலையில்தான் வைக்க முடிந்தது.

சின்னவள் பத்தாவது படிக்கும்போது எங்கள் வயலுக்கு முழுப் பையாகக் குருணை வாங்கி வந்திருந்தார், சவுதியை விட்டுத் திரும்பிவிட்ட என் வீட்டுக்காரர். அவள் துண்டுச்சீட்டைப் பிரித்து வாசித்தாள். "அம்மா, வெறுங்கையால தொடக்கூடாதாம். கையுறை போடணுமாம். தோல் வழியா உள்ள போகுமாம்." பையின் மேல் சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் இருந்தன. அப்போதுதான் எனக்கு உங்கள் வலது கை ஞாபகத்துக்கு வந்தது. அந்த ரப்பர் பேண்ட்.

அந்தப் பையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் வயலில் வேப்பங்கொட்டைக் கரைசல்தான். விளைச்சல் குறைந்தது, சண்டை வந்தது. அது வேறு கதை.

சின்னவள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். வயிற்றில் ஐந்து மாதம். போன மாதம் போன் செய்து, "அம்மா, இங்க மருந்தடிக்காத அரிசிக்கு எல்லாரும் அலையறாங்க. புள்ளத்தாச்சிக்குப் பூங்கார் அரிசி நல்லதாம். குடவாசல்லயே ஒரு கடையில கிடைக்குதாம், போட்டோ அனுப்பறேன்" என்றாள். எங்கள் வயலில் பூங்கார் போடுவதில்லை. சரி, வாங்கி அனுப்பலாம் என்று படத்தைத் திறந்தேன். உங்கள் கடை. நீங்கள். முடி நரைத்து, கழுத்தில் பச்சைத்துண்டு.

வந்தேன். இடது பக்கம் பழையபடி பூச்சிமருந்து டப்பாக்கள். வலது பக்கம் சணல் பைகளில் அரிசி, மேலே அட்டை: கர்ப்பிணித் தாய்மார்களுக்கு உகந்தது. காரில் வந்த ஒரு பெண்ணிடம் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "கடையில விக்கிற மத்த அரிசியெல்லாம் வெஷம் மேடம். வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆவவே ஆவாது."

அந்தப் பெண் போனதும் கேட்டேன். "அன்னிக்கு என்கிட்ட ஒண்ணும் பண்ணாதுன்னீங்களே. அப்ப கையில எதுக்கு அந்தப் பை?"

"எந்தப் பை?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கணினித் தராசையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எப்பவோ நடந்த கதைம்மா, யாருக்கு ஞாபகம் இருக்கு? கம்பெனிக்காரன் சொன்னதத்தான் நாங்க சொன்னோம். அரிசி எத்தன கிலோ போடட்டும்?"

ஐந்து கிலோ வாங்கினேன். என் மகளுக்கு வேண்டும், வாங்கினேன். உங்களிடம் வாங்குவதற்கு வெட்கமாக இருந்தது.

நீங்கள் நல்ல அரிசி விற்பதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லோரும் விற்கட்டும், எல்லோரும் தின்னட்டும். குருணையால்தான் என் மகள் போனாள் என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது. எனக்கு அவள் வேண்டும், அது நடக்காது. பஸ்ஸில் அந்த வயதுப் பெண் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் இடது காதைப் பார்க்கிறேன். அவள் நன்றாகப் படித்திருப்பாளா, என்னிடம் எரிந்து விழுவாளா, அப்பாவைப் போலச் சோற்றை அவசரமாகத் தின்பாளா, எதுவும் தெரியாது. போன வாரம் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். ரோஸ் நிறம் வெளுத்துவிட்டது. சின்னவள் கேட்டால் கொடுப்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனால் இத்தனை வருஷமாக, மிச்சத்தை ஏன் நானே போட்டேன், மடியை ஏன் அவிழ்க்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியில் உங்கள் பங்கு என்ன என்று எனக்குத் தெரியவேண்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு அன்று கடை வாசலில் பந்தல் போட்டு, வெளியூர்க்காரர்களுக்கு இந்த அரிசியைப் பற்றி மைக்கில் பேசுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் நான் முன் நாற்காலியில் இருப்பேன். எனக்குத் தனியாக எதுவும் சொல்லவேண்டாம், வீட்டுக்கு ஆள் அனுப்பவேண்டாம். அந்த மைக்கில், அத்தனை பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். "ஒன்றும் செய்யாது" என்று என்னிடம் சொன்னபோது, உங்கள் கையில் அந்தப் பை எதற்கு?